‘யாரோட சாப்பிட்டே?’ – ஒரு பாட்டு சொல்லும் வைத்தியம்!

ராத்திரி எட்டரை மணி. பாகூர் கொம்யூனில், கடலை ஒட்டியிருக்கும் பனித்திட்டு. அங்கே ஒரு வீட்டுத் திண்ணை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அம்மா செல்போனைக் காதில் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். பையன் படிப்பை முடித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது.

‘‘சாப்ட்டியாடா?’’

‘‘சாப்ட்டேம்மா.’’

‘‘இன்னா சாப்ட்டே?’’

‘‘தோசை.’’

‘‘உடம்பு நல்லா இருக்கா?’’

‘‘ம்... நல்லாத்தான் இருக்கேன். அப்பா எங்க?’’

‘‘வலையைப் பார்த்துட்டு இருக்காரு. விடிகாலைல கடலுக்குப் போவணும்ல. பேசுறியா?’’

‘‘வேணாம்மா... நாளைக்குப் பேசுறேன்.’’

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ‘பையன் சாப்பிட்டுட்டான்’ என்று அம்மாவுக்கு நிம்மதி. அந்தப் பக்கம்? வாங்கி வந்த தோசைப் பார்சல் பிரிக்காமல் மூலையில் கிடக்கிறது. காலையிலிருந்து அவன் வாயைத் திறந்து பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்!

அவனுக்குக் காய்ச்சல் இல்லை. தலைவலி இல்லை. பிறகு என்னதான் கோளாறு?

அந்தக் கோளாறுக்கு டாக்டர்கள் பேர் வைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். பாட்டுக்காரர்கள் அதைப் பாட்டாகவே பாடி வைத்திருக்கிறார்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஒருத்தர்... லண்டனிலிருந்து ஒருத்தர்!

1967-ல் கே.பாலசந்தர் இயக்கி வெளிவந்த ‘அனுபவி ராஜா அனுபவி’ படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் நாகேஷுக்கு இரட்டை வேஷம். அதில் ஒருவர் தூத்துக்குடிக்காரர். பட்டணத்துக்கு வந்து, தெருத்தெருவாக முழித்துக்கொண்டே நடப்பார். பின்னால் டி.எம்.சௌந்தரராஜன் குரலில், கண்ணதாசன் எழுதி, எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்த ‘மெட்ராஸ் நல்ல மெட்ராஸ்’ பாட்டு. ஊரின் அவசரம், பேச்சு, நடை உடை எல்லாவற்றையும் பார்த்து வியப்பும் முணுமுணுப்புமாகப் போகும். நமக்குச் சிரிப்பு வரும். ஆனால், அந்த மனுஷர் அந்தக் கூட்டத்தில் தன்னந்தனி என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

அதே சமாசாரத்தை இருபது வருஷம் கழித்து ஓர் இங்கிலாந்துக்காரர் பாடினார். பேர் ஸ்டிங். பாடகர் ஆவதற்கு முன்னால் பள்ளிக்கூட வாத்தியார்! 1987-ல் வெளிவந்த அவருடைய ஆல்பத்தில் ‘இங்கிலீஷ்மேன் இன் நியூயார்க்’ என்று ஒரு பாட்டு. எல்லோரும் காபி குடிக்கிற ஊரில் டீதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற ஒரு மனிதரில் பாட்டு தொடங்குகிறது. அந்நியன் என்பதை முதலில் காட்டிக் கொடுப்பது நாக்குதான், பார்த்தீர்களா? ஒன்று பேச்சு. இன்னொன்று ருசி!

பாட்டில் தன்னை ‘ஏலியன்’ என்று சொல்லிக்கொள்கிறார் அந்த மனிதர். சினிமாவில் வேற்றுக்கிரகவாசிக்குச் சொல்கிறோமே, அதே வார்த்தைதான். அமெரிக்கச் சட்டத்தில் வெளிநாட்டுக்காரருக்கும் அந்தச் சொல் உண்டு.

ஸ்டிங் இந்தப் பாட்டை யாரை மனதில் வைத்து எழுதினார் தெரியுமா? குவென்டின் கிரிஸ்ப் என்ற ஆங்கில எழுத்தாளரை. 1908-ல் பிறந்தவர். தன்பாலீர்ப்பு உள்ளவர் என்பதை மறைக்காமல், தலைக்குச் சாயம், முகத்துக்கு ஒப்பனை என்று நடமாடியவர். அதற்காகவே லண்டன் தெருக்களில் அடி வாங்கியவர். சொந்த ஊரிலேயே அந்நியராக வாழ்ந்த அவர், 1981-ல், 72 வயதில், மூட்டை கட்டிக்கொண்டு நியூயார்க்குக்குக் குடிபோனார்.

நம் வீட்டுப் பெரியவர்கள், ‘இந்த வயசுல வேற ஊரா?’ என்று மலைக்கிற வயது! கிரிஸ்ப் என்ன செய்தார்? தன் டெலிபோன் நம்பரை ஊருக்கே தெரியும்படி டைரக்டரியில் போட்டு வைத்தார். முன்பின் தெரியாதவர் கூப்பிட்டாலும் பேசுவார். யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் போவார். ஆனால், தன் உடையையோ நடையையோ அந்த ஊருக்காக மாற்றிக்கொள்ளவில்லை. 1999-ல், 90 வயதில் இறக்கும்வரை அப்படியே இருந்தார்.

தன்னை மாற்றிக்கொள்ளாமலே ஊரோடு ஒட்டிக்கொள்ள முடியும் என்பதற்கு அவர் ஓர் உதாரணம். வழி ரொம்ப சுலபம்... பேச ஆள், சேர்ந்து சாப்பிட ஆள்!

பாரீஸில் ஓர் ஆயா

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதுக்கதை இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ல் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் முடிந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே நிறைய. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த ‘சொல்தா’ வீடுகளைத் தெரியாதவர் உண்டா? அந்த வீட்டுப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பலர் இன்று பிரான்ஸில்.

பிள்ளை கூப்பிட்டான் என்று போகிற ஆயாவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வில்லியனூரில் வாசல் தெளிக்கும்போதே நாலு பேரிடம் பேசிவிடுகிறவர். பாரீஸில் ஐந்தாவது மாடி. மகனும் மருமகளும் வேலைக்கு, பேரன் பள்ளிக்கு. டிசம்பர் மாதம் அங்கே பகல் வெளிச்சமே எட்டு மணி நேரம் சொச்சம்தான்! வெளியே கடுங்குளிர். பக்கத்து வீட்டில் பேசுவது பிரெஞ்சு. இரண்டே மாதத்தில் ஆயாவுக்கு முழங்கால் வலி, தூக்கமின்மை, பசியின்மை... டாக்டர் மாற்றி டாக்டர்.

அதே ஆயாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை லா ஷப்பேல் பக்கம் கூட்டிப் போங்கள். ஈழத் தமிழர்கள் கடை போட்டு உருவாக்கிய தமிழ்க் கடைத்தெரு. முருங்கைக்காய் கிடைக்கும், கறிவேப்பிலை கிடைக்கும், முக்கியமாக, தமிழில் விலை பேசலாம்! பக்கத்திலேயே 1985-ல் தொடங்கப்பட்ட மாணிக்க விநாயகர் கோயில். ஆயாவின் முகத்தைப் பாருங்கள்... முழங்கால் வலி பாதி குறைந்தாற்போல இருக்கும்.

வலி பொய் என்று சொல்லவில்லை. வலி நிஜம். தனிமை அதை ரெட்டிப்பாக்குகிறது, அதுதான் விஷயம்.

300 வருஷத்துக்கு முன்பே வைத்த பேர்!

ஸ்விட்சர்லாந்தில் பாசெல் என்று ஒரு நகரம். அங்கே 1688-ல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஓர் ஆய்வு எழுதினார். ஊர் ஏக்கத்தால் படுக்கையில் விழுந்தவர்களைப் பற்றிய ஆய்வு. பெர்ன் நகரத்திலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த ஓர் இளைஞன், காய்ச்சலும் கலக்கமுமாகச் சாகும் நிலைக்குப் போய்விட்டான். ‘ஊருக்குக் கூட்டிப் போகிறோம்’ என்று சொல்லி வண்டியில் ஏற்றியதுமே தேற ஆரம்பித்தான்! வீடு போய்ச் சேர்வதற்குள் ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டான். பெர்னுக்கும் பாசெலுக்கும் சாலை வழியே தூரம் சுமார் 100 கிலோமீட்டர்தான். பனித்திட்டிலிருந்து சென்னை அதைவிடத் தூரம்!

வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஹோஃபர் அதற்கு வைத்த பேர்தான் ‘நாஸ்டால்ஜியா’. இன்று பழைய பாட்டு கேட்டால் வருகிற இனிமையான ஏக்கத்துக்கு அந்த வார்த்தையைச் சொல்கிறோம். அன்று அது நோயின் பேர்!

இதில் பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. வெளிநாட்டில் கூலிப்படையில் இருந்த ஸ்விஸ் சிப்பாய்கள், ஊரில் மாடு மேய்ப்பவர்கள் பாடும் பாட்டைக் கேட்டால் கண்ணீர்விட்டு அழுது படையை விட்டே ஓடிவிடுவார்களாம். அதனால் அந்தப் பாட்டுக்கே தடை போட்டிருந்தார்கள் என்று ஜெனீவாவில் பிறந்த சிந்தனையாளர் ரூசோ, 1768-ல் வெளிவந்த தன் இசை அகராதியில் எழுதியிருக்கிறார்.

ஊர் ஏக்கம் இன்று நோய்ப் பட்டியலில் இல்லை. புது ஊருக்குப் போகிற யாருக்கும் வருவதுதான். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் தணிந்துவிடும். ஆனால், அது தணியாமல் நிரந்தரத் தனிமையாக உறைந்துபோனால்தான் வம்பு.

தனிமை உணர்வு நீடித்தால் உடம்பு ஏதோ ஆபத்து நெருங்குவதுபோல விழிப்பாகவே இருக்கிறது. மன அழுத்த ஹார்மோன்கள் கூடுகின்றன. தூக்கம் துண்டு துண்டாகிறது. ரத்த அழுத்தம் ஏறலாம். அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி 2023-ல் வெளியிட்ட அறிக்கை, சரியான சமூக உறவுகள் இல்லாதவர்களுக்கு இதய நோய் அபாயம் 29 சதவிகிதமும், பக்கவாத அபாயம் 32 சதவிகிதமும் அதிகம் என்று எச்சரித்தது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-ல் சொன்னது. இங்கிலாந்தில் 2018-லேயே இதற்கென்று ஓர் அமைச்சரை நியமித்துவிட்டார்கள்!

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். தனியாக இருப்பது வேறு, தனிமை வேறு. நடுக்கடலில் ராத்திரி முழுக்கப் படகில் ஒற்றை ஆளாக இருக்கிற மீனவர் தனிமையில் வாடுகிறார் என்று சொல்ல முடியாது. கரையில் தனக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு என்பது அவருக்குத் தெரியும். அவருடைய மகன் எட்டுப் பேர் தங்கியிருக்கும் மேன்ஷன் ரூமில் தனிமையில் வாடலாம்!

ஊரில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

* ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டால் ‘சாப்பிட்டேன்’ என்று பதில் வரும். பேச்சு முடிந்தது! அதற்குப் பதில், ‘யாரோட சாப்பிட்டே?’ என்று கேளுங்கள். ஒரு வாரம் விடாமல் கேளுங்கள். ஏழு நாளும் ‘தனியாத்தான்’ என்று பதில் வந்தால், அதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

* ‘எல்லாரும் சமாளிக்கலியா? உனக்கு மட்டும் என்ன?’ என்ற வசனம் வேண்டாம். அடுத்த முறை அவன் சொல்லவே மாட்டான். ‘கஷ்டமா இருந்தா வேலையை விட்டுட்டு வந்துடுடா’ என்று உடனே கண்ணைக் கசக்கவும் வேண்டாம். உங்கள் அழுகைக்குப் பயந்தே பல பிள்ளைகள் ‘நல்லா இருக்கேன்’ என்று பொய் சொல்கிறார்கள். ‘புது ஊர்னா அப்படித்தான் இருக்கும். சொல்லு, கேக்கறேன்’ என்பது போதும்.

* ஒரு நாளைக்கு ஆறு போன் செய்யாதீர்கள். மாலை முழுக்க வீட்டோடு பேசினால், புது சிநேகிதம் பிடிக்க அவனுக்கு நேரம் ஏது?

* கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்ணை மறந்துவிடாதீர்கள். அவளும் புது ஊர்க்காரிதான். ‘புகுந்த வீடு’ என்று பேர் இருப்பதாலேயே அது உடனே அவள் வீடு ஆகிவிடாது!

போனவர்கள் என்ன செய்யலாம்?

* தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே டீக்கடைக்குப் போங்கள். பத்தாவது நாள் கடைக்காரர், ‘சர்க்கரை கம்மிதானே?’ என்பார். ஊர் உங்களைத் தெரிந்துகொள்ளத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்!

* வாரத்தில் ஒரு வேளையாவது யாருடனாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். போனைப் பார்த்தபடி சாப்பிடுவது கணக்கில் வராது.

* உங்கள் பேச்சை மறைக்காதீர்கள். ‘இன்னா’ என்றால் சிரிக்கிறார்களா? நீங்களும் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுபடி ‘இன்னா’ என்றே சொல்லுங்கள். கருவாட்டுக் குழம்பு பிடிக்கும் என்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

* தனிமைக்கு மருந்து என்று ‘தண்ணி’ பக்கம் மட்டும் போகாதீர்கள். அது தூக்கத்தைக் கெடுக்கும், மனச்சோர்வை ஆழமாக்கும். ஒரு மணி நேரம் மறதி, மறுநாள் இரட்டைப் பாரம்.

சேர்ந்து பாடுங்கள்!

முன்பெல்லாம் கரைவலை இழுக்கும்போது மீனவர்கள் ‘அம்பா’ பாடுவார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து குரல் கொடுக்க, அத்தனை பேர் கையும் ஒரே நேரத்தில் வலையை இழுக்கும். வேலைக்காகப் பாடிய பாட்டு அது. ஆனால், அங்கே நின்ற புது ஆளும் பத்து நிமிஷத்தில் கூட்டத்தில் ஒருவன் ஆகிவிடுவான்.

இதை விஞ்ஞானிகளும் சோதித்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்களையும், கைவினை மற்றும் எழுத்து வகுப்புகளில் சேர்ந்தவர்களையும் ஏழு மாதம் கவனித்தார்கள். கடைசியில் எல்லாக் குழுக்களிலும் நெருக்கம் வந்துவிட்டது. ஆனால், முதலில், மிக வேகமாக ஒட்டிக்கொண்டவர்கள் பாடியவர்கள்தான்!

பஜனை மடமோ, சர்ச் பாடகர் குழுவோ, ஆபீஸ் நண்பர்களின் அந்தாக்ஷரியோ... ஏதோ ஒன்று. குரல் நன்றாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் சோகம், எதிலும் பிடிப்பின்மை, தூக்கமோ பசியோ தலைகீழாக மாறுவது, வேலைக்கோ வகுப்புக்கோ போகாமல் அறையிலேயே அடைந்து கிடப்பது, குடி அதிகமாவது... இவற்றை ‘ஊர் ஞாபகம்’ என்று தள்ளிவிடாதீர்கள். மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. ‘வாழவே பிடிக்கலை’ என்று ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே செயல்படுங்கள். ஆளைத் தனியாக விடாதீர்கள்.

புதுச்சேரி ஜிப்மர் உள்ளிட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி-மானஸ்’ சேவைக்கு 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம்.

உங்கள் தெருவில் ஓர் அந்நியர்!

கடைசியாக ஒரு கேள்வி. உங்களுக்குத்தான்.

உங்கள் பிள்ளை சென்னையிலோ பாரீஸிலோ அந்நியனாக நிற்கிற அதே நேரம், உங்கள் தெருவிலும் ஒரு பிள்ளை நிற்கிறான். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவன். ஹோட்டலில் மேஜை துடைக்கிறான். கட்டட வேலை பார்க்கிறான். அபார்ட்மென்ட் கேட்டைத் திறந்துவிடுகிறான். அவன் பேர் உங்களுக்குத் தெரியுமா?

‘ஏய்’, ‘தம்பி’, ‘ஹிந்திக்காரன்’... இவையெல்லாம் பேர் இல்லை. நாளைக் காலையில் பேரைக் கேளுங்கள். அடுத்த நாள் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். செலவு ஒன்றும் இல்லை. அவனுடைய அம்மாவும் எங்கோ ஒரு திண்ணையில் உட்கார்ந்து, அவன் பாஷையில், ‘சாப்பிட்டியா?’ என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பார். நீங்கள் சொல்லும் பேர், அந்த அம்மாவுக்குச் செய்யும் உதவி.

இப்போது மறுபடி பனித்திட்டுத் திண்ணைக்கு வாருங்கள். மணி எட்டரை.

‘‘யாரோடடா சாப்ட்டே?’’

கொஞ்ச நேரம் பதில் இல்லை.

‘‘...தனியாத்தாம்மா.’’

‘‘நேத்து?’’

‘‘நேத்தும்தான். இங்க யாரையும் தெரியலம்மா. ஒரு மாதிரியா இருக்கு.’’

‘‘சொல்லுடா. எனக்கு ஒண்ணும் வேலை இல்லை. இரு... அப்பாவும் இங்கதான் வராரு, அவரும் கேக்கட்டும்.’’

அன்றைக்குப் போன் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. தோசை ஆறித்தான் போயிருந்தது. ஆனாலும், மூன்று மாதத்தில் முதல்தடவையாக அவன் அதை முழுசாகச் சாப்பிட்டான்!